கிளாசிக்கல் பள்ளியில் ஓவியமும் வரலாறும்: சேர்த்து நடத்துவதா, பிரித்து நடத்துவதா?

அமெரிக்காவில் கிளாசிக்கல் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர், அதே பாடத்திட்டத்தை வீட்டிலேயே நடத்துகிறவர்கள், அத்தகைய பள்ளிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் ஆகிய மூன்று தரப்பாரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஓவியத்தை வரலாற்றுப் பாடத்தோடு இணைத்து நடத்தலாமா, தனிப் பாடமாகவே வைத்துக்கொள்ளலாமா? டெக்சாஸில் இப்படி ஒரு பள்ளியில் ஓவியம் கற்பிக்கிற எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. இருந்தாலும் எல்லாப் பள்ளிக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதால், வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் பின்னணி. கிளாசிக்கல் கல்வி என்று இன்று அமெரிக்காவில் வழங்குவது, 1947-இல் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையிலிருந்து பெருமளவு உந்துதல் பெற்றது. இடைக்கால ஐரோப்பியக் கல்வியின் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்ற மூன்றையும் பிள்ளையின் வளர்ச்சிப் பருவங்களாக அவர் வாசித்துக் காட்டினார். லத்தீன், மனப்பாடம், மூலநூல் வாசிப்பு எல்லாம் அந்த அடித்தளத்தில் வருகின்றன. வரலாற்றைப் பல பள்ளிகள் நான்காண்டுச் சுழற்சியாக நடத்துகின்றன: பண்டைக்காலம், இடைக்காலம், மறுமலர்ச்சியை ஒட்டிய தொடக்க நவீன காலம், நவீன காலம். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் இந்தச் சுழற்சி மூன்று முறை வரும். எகிப்தை ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் சந்திக்கிறது. ஓவிய ஆசிரியருக்குப் பெரிய வாய்ப்பைத் தருவது இந்தச் சுழற்சிதான். சிக்கலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

கை. ஆண்டு முடிவில் பிள்ளையின் கைக்கு என்ன வசப்பட்டிருக்கிறது? மேசைமேல் ஒரு டம்ளரை வைத்து வரையச் சொல்லுங்கள். வாய்ப்பகுதி நீள்வட்டமாக வருகிறதா, அடிப்பகுதி தட்டைக் கோடாக நின்றுவிடுகிறதா என்று பார்த்தால் போதும். பார்த்ததை வரைகிறதா, தெரிந்ததை வரைகிறதா என்பது அந்த ஒரு டம்ளரில் விளங்கிவிடும்.

கண். ஒரு சிற்பத்தையோ ஓவியத்தையோ வரலாற்றுச் சான்றாகப் பிள்ளை படிக்கிறதா? பாடப்புத்தகத்தின் ஓரத்தில் இருக்கும் அலங்காரமாகக் கடந்துபோகிறதா?

நேரம். வாரம் ஒரு 45 நிமிடப் பீரியட் என்றால் 36 வாரத்துக்கு 27 மணி நேரம். தாளைக் கொடுத்து, வண்ணத்தைக் கலக்கி, கடைசியில் பிரஷ் கழுவி மேசை துடைக்க 15 நிமிடம் போனால், மிஞ்சுவது 18 மணி நேரம். ஓராண்டுக்கு அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போடாமல் எடுக்கிற எந்த முடிவும் அக்டோபரிலேயே தள்ளாடத் தொடங்கிவிடும்.

ஆசிரியர். வரையத் தெரிந்தவர் நடத்துகிறாரா, எல்லாப் பாடத்தையும் எடுக்கும் வகுப்பாசிரியர் நடத்துகிறாரா?

செலவு. பொருளுக்கு ஆகும் பணம் மட்டும் இங்கே கணக்கில்லை. தயாரிப்பு நேரம், பெற்றோருக்கு எழுத வேண்டிய கடிதங்கள், வரலாற்றுப் பாடத்திலிருந்து கழியும் மணிகள் எல்லாம் சேரும்.

இவற்றோடு இரண்டு கேள்விகளையும் கேட்டே ஆக வேண்டும். நடுவில் வந்து சேரும் பிள்ளை என்ன ஆகும்? யாருடைய கலைக்கு இடம் கிடைக்கிறது?

## முதல் வழி: வரலாறு போகிற போக்கில் ஓவியமும் போவது

எகிப்து நடக்கும்போது எகிப்தியச் சுவரோவியம், ரோமாபுரி நடக்கும்போது மொசைக் (வண்ணக் கல் துண்டுகளைப் பதித்து ஆக்கும் படம்), இடைக்காலத்தில் கையெழுத்துச் சுவடியின் முதலெழுத்து அலங்காரம். கேட்கவே இனிமையாக இருக்கும் ஏற்பாடு. சரியாக நடந்தால் இதற்கு நிகரானது வேறு இல்லை.

எகிப்தின் தொடக்க கால அரசன் நார்மரின் கற்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருப்பது. கி.மு. 3100-ஐ ஒட்டியது, சுமார் 64 செ.மீ. உயரம், இரண்டு பக்கமும் செதுக்கல். ஆறு வயதுப் பிள்ளை அதில் விலங்குகளைத் தேடும். கழுத்து நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட இரண்டு விசித்திர மிருகங்களைக் கண்டதும் துள்ளும். பத்து வயதில் அதே பிள்ளை, அரசன் ஒரு பக்கம் மேல் எகிப்தின் வெள்ளை முடியையும் மறுபக்கம் கீழ் எகிப்தின் சிவப்பு முடியையும் அணிந்திருப்பதைக் கவனிக்கும். அரசன் மட்டும் ஏன் மற்றவர்களைவிட அத்தனை பெரிதாக இருக்கிறான் என்று கேட்கும். பதினான்கு வயதில் கேள்வி கடினமாகிறது. இது நடந்த போரின் பதிவா, அரச அதிகாரத்தைப் பறைசாற்றும் சடங்குப் பொருளா? ஒரே கல் மூன்று முறை வகுப்புக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு பாடம் நடக்கிறது. மூன்று சுழற்சி கொண்ட வரலாற்றுத் திட்டம் இல்லாத பள்ளியில் இதைச் செய்ய முடியாது.

கை வேலையிலும் சில இடங்களில் இந்த இணைப்பு அழகாகப் பொருந்துகிறது. எகிப்திய ஓவியர்கள் சுவரில் கட்டம் கிழித்துத்தான் உருவம் வரைந்தார்கள். முடிக்கப்படாத கல்லறைச் சுவர்களில் அந்தச் சிவப்புக் கோடுகளை இன்றும் காணலாம். நிற்கும் மனித உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம். முழங்கால் ஆறாவது கோட்டில், தோள் பதினாறாவது கோட்டில். ஐந்தாம் வகுப்புக்கு ஸ்கேலும் பென்சிலும் கொடுத்து இந்தக் கட்டத்தைப் போடச் சொன்னால், இரண்டு வகுப்பில் அளவெடுத்து வரைதல் என்றால் என்ன என்பது கையில் ஏறிவிடுகிறது. கூடவே, மூவாயிரம் ஆண்டு எகிப்தியக் கலை ஏன் ஏறக்குறைய ஒரே சாயலில் நின்றது என்பதும் யாரும் சொல்லாமலே விளங்குகிறது.

ஆனால் எல்லாக் காலமும் எகிப்துபோல் ஒத்துழைப்பதில்லை. முதல் சுழற்சியில் மறுமலர்ச்சிக் காலம் மூன்றாம் வகுப்பில் வருகிறது. தூரம் போகும் கோடுகளெல்லாம் ஒரு மறைபுள்ளியில் போய்க் கூடுவதாக வரைந்து ஆழம் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் முறை எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டாது. ஆசிரியர் என்ன செய்வார்? மோனாலிசா படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வார். ஒன்றாம் வகுப்பில் கிரேக்கம் வரும்போது உடல் விகிதம் கற்பிக்க வழியில்லாமல், காகிதத் தட்டில் ஜாடிப் படம் வெட்டி ஒட்டுவார்கள். ரோமானிய மொசைக் என்ற பெயரில் வண்ணக் காகிதத் துண்டு ஒட்டுவதில் மூன்று வாரம் ஓடிவிடும். பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருப்பார்கள், சுவர் நிறையும், பெற்றோர் படம் எடுப்பார்கள். டம்ளர் மட்டும் அதே தட்டை அடியோடு நிற்கும். இந்த வழியின் மறைமுகச் செலவுகளில் பெரியது இது: ஓவியப் பாடம் நடந்தது என்ற நிறைவு எல்லோருக்கும் இருக்கும், வரைதல் நடந்திருக்காது.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாமல் சேர்கிறது. தட்டையான எகிப்திய உருவம், பிறகு கிரேக்க உடல், பிறகு மறுமலர்ச்சியின் ஆழம் என்று கால வரிசையில் காட்டிக்கொண்டே போனால், முந்தியவர்களுக்கு வரையத் தெரியவில்லை, பிந்தியவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பிள்ளை தானாக முடிவு கட்டிவிடும். எகிப்தியக் கலைஞனின் நோக்கமே வேறு. ஒவ்வோர் உறுப்பையும் அது முழுமையாகத் தெரியும் கோணத்தில் காட்ட வேண்டும் என்பது அவன் விதி. முகம் பக்கவாட்டில், கண் நேராக, தோள் நேராக, கால் மறுபடி பக்கவாட்டில். இதை ஆசிரியர் எடுத்துச் சொல்லாவிட்டால் கால வரிசை தவறான பாடத்தை நடத்திவிடும்.

வரலாற்று ஆசிரியர் பின்தங்கினால் முதலில் வெட்டுப்படுவது ஓவியம் என்பதையும் மறக்கக் கூடாது. பாட அலகுக்கு ஒரு பொருளாகக் களிமண், ஓட்டுத்துண்டு, துணி, நூல் என்று வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

எங்கே இது சரி: வீட்டில் ஆறு முதல் பத்து வயதுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து நடத்துகிறவர்களுக்கு. வயது வேறானாலும் எல்லோருக்கும் ஒரே வரலாற்றுக் காலம் என்பதால் குடும்பமே ஒரு பொருளைச் சுற்றி உட்கார முடியும். வகுப்பாசிரியரும் ஓவிய ஆசிரியரும் கோடை விடுமுறையிலேயே உட்கார்ந்து ஆண்டுத் திட்டம் போடும் பள்ளியிலும் இது நடக்கும்.

## இரண்டாம் வழி: ஓவியத்துக்குத் தனி ஏணி

கோடு, வடிவம், விகிதம், நிழலும் ஒளியும், பெர்ஸ்பெக்டிவ், வண்ணம், மனித முகம் என்று எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை. வரலாற்று வகுப்பில் எந்த நூற்றாண்டு ஓடினாலும் ஓவிய வகுப்புக்குக் கவலையில்லை. லத்தீன் இலக்கணமும் கணக்கும் இப்படித்தான் நடக்கின்றன. ஓவியத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்று இந்தத் தரப்பினர் கேட்பதில் எனக்கு முழு உடன்பாடு.

இதற்கு உறுதியான மரபும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் சார்ல்ஸ் பார்க், இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஜான்-லியோன் ஜெரோமுடன் சேர்ந்து 1860-களின் பிற்பகுதியில் பாரிஸில் வெளியிடத் தொடங்கிய வரைதல் பயிற்சித் தாள்கள், பிளாஸ்டர் சிலை வார்ப்புகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மனித உருவத்துக்குப் போகின்றன. வான்கோ தாமாக வரையக் கற்றுக்கொண்டபோது இந்தத் தாள்களைத் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்தார். மேல் வகுப்புகளுக்கு இன்றும் நான் இவற்றைக் கொடுக்கிறேன். ஒரு பாதத்தின் வெளிக்கோட்டை முதலில் நேர்க்கோடுகளால் கட்டி, பிறகு வளைவைத் தேடும் அந்த முறை, அவசரக்காரப் பிள்ளைகளைக்கூட நிதானத்துக்குக் கொண்டுவருகிறது.

பிரதியெடுப்பது படைப்பாற்றலைக் கொல்லும் என்று பயப்படுகிற பெற்றோர் ஃபோர்ட் வொர்த் நகரின் கிம்பெல் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. புனித அந்தோணியாரைப் பேய்கள் வானத்தில் பிடித்து இழுக்கும் சிறிய பலகை ஓவியம் ஒன்று அங்கே இருக்கிறது. அரை மீட்டர்கூட உயரமில்லை. மைக்கேலாஞ்சலோ 12, 13 வயதில் வரைந்தது என்று அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. அது மார்ட்டின் ஷோன்காவர் என்ற ஜெர்மானியக் கலைஞரின் செதுக்குப்படத்தை (உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படத்தை) பார்த்து வரைந்தது. பேயின் உடம்பில் செதில் வரைவதற்காகச் சிறுவன் மீன் சந்தைக்குப் போய் மீன்களைப் பார்த்து வந்தான் என்று மைக்கேலாஞ்சலோ உயிரோடிருந்த காலத்திலேயே அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். ஆசானின் கோட்டைப் பிரதியெடுப்பது, பிறகு நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்ப்பது: நல்ல ஓவியப் பயிற்சியின் இரண்டு கால்களும் அந்தச் சம்பவத்தில் இருக்கின்றன.

இந்த வழியின் செலவு என்ன? முதலாவதாக ஆசிரியர். ஏணியின் ஒவ்வொரு படியையும் தாமே வரைந்து காட்டத் தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்டவர் கிடைப்பது அரிது. வீட்டில் நடத்துகிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஏழாம் வகுப்புக்கு மேல் வெளி உதவி தேவைப்படும். இரண்டாவது, வறட்சி. உருண்டை, கனசதுரம், கூம்பு என்று மாதக்கணக்கில் நிழல் போட்டுக்கொண்டிருந்தால், எதற்காக இந்தக் கை பழகுகிறது என்பதே பிள்ளைக்கு மறந்துவிடும். நான்கு ஆண்டு நன்றாக வரைந்து, ஒரு பெரிய ஓவியத்தைக்கூட நின்று பார்க்காத பிள்ளைகளைச் சந்தித்திருக்கிறேன். அது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு இது ஓரளவு கடினம். ஆனால் தீர்க்கக்கூடிய கடினம். இரண்டு மாதம் கீழ்ப் படிகளைத் தனியாகக் கொடுத்தால் சேர்ந்துகொள்ளும்.

எங்கே இது சரி: வரையத் தெரிந்த ஆசிரியரும் வாரம் இரண்டு பீரியடும் இருக்கும் பள்ளியில். கையெழுத்தே ஒழுங்காக வராமல் தடுமாறும் பிள்ளைக்கும், சத்தமாகப் பேசும் வரலாற்று வகுப்பில் ஒடுங்கிப்போகும் பிள்ளைக்கும் இது பெரிய ஆறுதல்.

## மூன்றாம் வழி: படம் பார்த்தல்

இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் பள்ளி நடத்திய சார்லட் மேசன் (1842–1923) வகுத்த முறை. ஒரு பருவத்துக்கு ஓர் ஓவியர், அவருடைய ஆறு படங்கள். பிள்ளை ஒரு படத்தைப் பேசாமல் சில நிமிடம் பார்க்கும். பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நினைவிலிருந்து சொல்லும்: யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நாய் எங்கே படுத்திருக்கிறது. ஆசிரியர் அதிகம் பேசக் கூடாது.

இருபது நிமிடத்தில் முடிகிறது. பொருள் செலவு ஒன்றுமில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017-இலிருந்து யாரும் எடுத்துப் பயன்படுத்த இலவசமாக விட்டிருக்கிறது. நல்ல காகிதத்தில் அச்சிடும் செலவு மட்டும்தான். திரையில் காட்டுவதைவிட அச்சுப்படம் மேல் என்பது என் அனுபவம். திரையில் இருப்பதைப் பிள்ளை தன் கையால் கவிழ்க்க முடியாது.

குறைகளும் தெளிவானவை. கை பழகாது. ஓவியர் வரிசைக்கும் வரலாற்றுப் பாடத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த முறையில் இல்லாததால், ரோமாபுரி படிக்கும் வாரத்தில் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வந்து நிற்பார். ‘ஓவியர்’ என்ற அலகில் யோசிப்பதால், பெயர் தெரியாத கைகள் செய்த கோயில், சுவடி, துணி, உலோகச் சிலை எல்லாம் வெளியே நின்றுவிடுகின்றன. நம் மரபின் பெரும்பகுதி அப்படிப்பட்டது என்பதைத் தமிழ்ப் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீர்வு எளிது: ஓவியர் என்ற இடத்தில் ‘இடம்’ அல்லது ‘பட்டறை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு ஆறு சோழர் செப்புத் திருமேனிகள் என்று வைத்தாலும் முறை அப்படியே வேலை செய்யும்.

எங்கே இது சரி: ஓவிய ஆசிரியரே இல்லாத பள்ளி, நேரமே இல்லாத வீடு. ஒன்றும் இல்லாத இடத்தில் இதை நாளைக்கே தொடங்கலாம். நடுவில் சேரும் பிள்ளைக்கு எந்தத் தடையும் இல்லை.

## நான்காம் வழி: மேல் வகுப்பில் கலை வரலாறு

கீழ் வகுப்புகளில் ஓவியத்தை ஏதோ ஒரு வகையில் நடத்திவிட்டு, பத்தாம் வகுப்புக்கு மேல் கலை வரலாற்றை ஒரு முழு ஆண்டுப் பாடமாக வைப்பது. கல்லூரி வாரியத்தின் (College Board) ஏபி கலை வரலாறு, அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம், இதற்குப் பலர் எடுக்கும் பாதை. கட்டாயம் படிக்க வேண்டிய 250 படைப்புகள் கொண்ட பட்டியல் அதில் உண்டு. பட்டியலில் தமிழ்நாட்டுச் சோழர் நடராசர் சிலையும் இருக்கிறது. கல்லூரியில் மதிப்பெண் அலகு கிடைக்கும் வாய்ப்பு இருப்பதால் நம் பெற்றோருக்கு இது உடனே பிடிக்கும்.

அதுவரை படம் பார்த்துப் பழகாத பிள்ளைக்கு 250 படைப்புகள் என்பது 250 பெயர், தேதி, பொருள், இடம் ஆகிவிடும் என்பதுதான் என் கவலை. அட்டை எழுதி மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடுவார்கள். முன்னதாக மூன்றாம் வழியில் சில ஆண்டுகள் போன பிள்ளைக்கோ இந்தப் பாடம் திருவிழா. ஆகவே இதைத் தனி வழியாக எண்ணாமல், மற்ற ஏதாவது ஒன்றின் மேல் கட்டும் மாடியாக எண்ணுங்கள்.

## ஒரே பார்வையில்

| | வரலாற்றோடு இணைத்தல் | தனி ஏணி | படம் பார்த்தல் | மேல் வகுப்புக் கலை வரலாறு |
|---|---|---|---|---|
| கைத்திறன் | ஒழுங்கில்லாமல் வரும் | உறுதியாக வரும் | வராது | வராது |
| சான்றாகப் படித்தல் | மிக நன்று, ஆசிரியர் தேர்ந்தவரானால் | குறைவு | கூர்மையான பார்வை. பின்னணி குறைவு | நன்று, முன்பயிற்சி இருந்தால் |
| வார நேரம் | வரலாற்று நேரத்தையும் எடுக்கும் | 2 பீரியட் | 20 நிமிடம் | முழுப் பாடம் |
| ஆசிரியர் | இரு பாடமும் தெரிந்தவர், அல்லது இருவர் | வரையத் தெரிந்தவர் | யாரும் நடத்தலாம் | நன்கு படித்தவர் |
| மறைமுகச் செலவு | கைவினை வேலையாகக் கரைந்துபோதல் | வறட்சி | பெயர் தெரியாதவர் செய்த கலைகள் விடுபடுதல் | மனப்பாடம் |
| நடுவில் சேர்பவர் | முந்தைய காலங்களை இழப்பார் | கூடுதல் பயிற்சி வேண்டும் | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை |

## எல்லா வழிக்கும் பொதுவான ஒரு செலவு

எந்த வழியில் போனாலும் ஆடையில்லாத கிரேக்க, மறுமலர்ச்சிச் சிற்பங்கள் வகுப்புக்கு வந்தே தீரும். 2023 மார்ச்சில் ஃபுளோரிடா மாநிலத் தலைநகரான டல்லஹசியில் ஒரு கிளாசிக்கல் சார்ட்டர் பள்ளியில் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி), ஆறாம் வகுப்புக்கு மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை காட்டப்பட்டது. முன்கூட்டிச் சொல்லவில்லை என்று பெற்றோரிடமிருந்து புகார் வந்து, தலைமையாசிரியர் பதவி விலகும் நிலை வந்தது. செய்தி உலகம் முழுவதும் போயிற்று. படங்களை ஒளிப்பது இதற்கு விடை ஆகாது. கோயில் சிற்பங்களைக் குழந்தையிலிருந்து பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பதற்றம் புரியாமல் போகலாம். ஆனாலும் எதிரே இருக்கும் பெற்றோரின் பதற்றம் உண்மையானது. ஆகஸ்டிலேயே ஆண்டு முழுவதற்குமான படப் பட்டியலை, ஒவ்வொன்றும் ஏன் இடம்பெறுகிறது என்ற இரண்டு வரியோடு அனுப்பிவிடுங்கள். வீட்டில் நடத்துகிறவர்களும் கூட்டு வகுப்பு என்றால் இதைச் செய்தே ஆக வேண்டும்.

## நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

கண் வரலாற்றோடு போகட்டும். கை தன் ஏணியில் ஏறட்டும். அதாவது, வாரம் ஒரு முறை இருபது நிமிடம் படம் பார்த்தலை வரலாற்று வகுப்புக்குள்ளேயே, அங்கே ஓடும் காலத்தை ஒட்டி வைப்பேன். ஓவிய வகுப்பை அந்தக் காலத்துக்கு அடிமையாக்க மாட்டேன். எட்டு வயதுப் பிள்ளையால் மறுமலர்ச்சி ஓவியத்தை அருமையாகப் பார்க்க முடியும். அதை வரைய முடியாது. முழு இணைப்பில் நடக்கும் குழப்பமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது.

கண்ணை வரலாற்றோடு அனுப்புவதில் கிடைக்கும் பயனுக்கு அமெரிக்கப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு படமே சாட்சி: ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கும் ஓவியம். கடந்தது 1776 டிசம்பர் 25 இரவு. எம்மானுவேல் லொய்ட்சே வரைந்து முடித்தது 1851-இல், ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில். படத்தில் பறக்கும் நட்சத்திரக் கொடி 1777 ஜூனில்தான் ஏற்கப்பட்டது. அப்படியானால் இந்தப் படம் பொய்யா என்று எட்டாம் வகுப்பில் கேட்பேன். சிலர் ஆம் என்பார்கள். 1848-இல் ஐரோப்பாவில் எழுந்த புரட்சிகள் தோற்றதை அப்போதுதான் வரலாற்று வகுப்பில் படித்திருப்பார்கள். அந்தத் தோல்வியில் துவண்டவர்களுக்குத் தெம்பூட்டவே லொய்ட்சே இதை வரைந்தார் என்று தெரிந்ததும் பேச்சு திரும்பும். 1776-ஐப் பற்றி இந்தப் படம் நம்பத் தகாத சாட்சி. 1851-ஐப் பற்றி மிக நல்ல சாட்சி. இந்த உணர்வு வந்துவிட்ட பிள்ளை பிறகு எந்தப் புகைப்படத்தையும் சும்மா நம்பாது. ஒரு வரலாற்று ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டு பாதையும் தாமாகச் சந்திக்கும் இடங்களும் உண்டு. அவற்றை விடக் கூடாது. இரண்டாம் சுழற்சியில் ஏழாம் வகுப்பில் மறுமலர்ச்சி வரும்போது பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. பெர்ஸ்பெக்டிவ் கற்க அதுவே சரியான வயது. ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் மசாச்சோ 1427-ஐ ஒட்டித் தீட்டிய திரித்துவச் சுவரோவியத்தை அச்சிட்டுக் கொடுத்து, வளைகூரைக் கட்டங்களின் கோடுகளை ஸ்கேல் வைத்துக் கீழே நீட்டச் சொல்லுங்கள். எல்லாம் சிலுவையின் அடிக்கருகில், நின்று பார்ப்பவரின் கண் மட்டத்தில் வந்து கூடும். அதற்கு அடுத்த வகுப்பில் பள்ளி நடைபாதையை ஒற்றை மறைபுள்ளி வைத்து வரையச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. எகிப்தியக் கட்டம், இடைக்காலச் சுவடியின் முதலெழுத்து, இந்த மறைபுள்ளி என்று ஆண்டுக்கு ஒன்றிரண்டு சந்திப்பு போதும். மற்ற வாரங்களில் கை தன் வழியே போகட்டும்.

யாருடைய கலை என்ற கேள்விக்கும் இந்த ஏற்பாட்டில் வழி இருக்கிறது. இடைக்கால ஆண்டில் எல்லாப் பள்ளியும் பாயோ தொங்கல் துணியைக் காட்டும்: லினன் துணியில் கம்பளி நூலால் தைத்த, ஏறக்குறைய 70 மீட்டர் நீளப் போர்க்கதை, 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதை. அதே நூற்றாண்டில், 1010-இல், தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து நிற்கிறது. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பது 1931-இல் வெளிப்பட்டது. அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் இரண்டையும் மேசையில் வையுங்கள். வெற்றி பெற்ற அரசு தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறது என்ற ஒரே கேள்வியை இரண்டிடமும் கேளுங்கள். பாடத்திட்டத்தில் ஆசியாவுக்கு ஓர் அத்தியாயம்தான் என்றாலும் படம் பார்க்கும் இருபது நிமிடத்தை யாரும் அளந்து தடுப்பதில்லை. டாலஸ் பக்கம் இருப்பவர்கள் டாலஸ் கலை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். பொது நுழைவு இலவசம். பதினோராம் நூற்றாண்டு நடராசர் அங்கே இருக்கிறார். புகைப்படத்தில் பார்த்ததை முப்பரிமாணத்தில் சுற்றிவந்து பார்க்கும்போது சடை விரிப்பின் பின்புறம் எப்படி வார்க்கப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள். ஸ்கெட்ச் புத்தகமும் பென்சிலும் கொண்டுபோங்கள். பேனாவை உள்ளே விட மாட்டார்கள் என்ற எண்ணத்திலேயே கிளம்புங்கள்.

வாரம் ஒரே ஒரு பீரியட்தான் பள்ளி தரும் என்றால் அதை முழுக்க வரைதலுக்கு வைத்துக்கொண்டு, படம் பார்த்தலுக்கு வரலாற்று ஆசிரியரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள், அவர்களுக்கு அது தயாரிப்பு இல்லாமல் கிடைக்கும் நல்ல பாடம். அதுவும் கிடைக்காவிட்டால் நான்காம் வகுப்பு வரை படம் பார்த்தலுக்கும், ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏணிக்கும் முன்னுரிமை கொடுங்கள். வீட்டில் நடத்துகிறவர்கள் பிள்ளைக்குப் பத்து வயது ஆகும் வரை முதல் வழியிலேயே தாராளமாகப் போகலாம். அதற்குமேல் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வரைதல் ஆசிரியர் ஒருவரிடம் அனுப்புவதற்கு இப்போதே பணம் ஒதுக்கத் தொடங்குங்கள்.